பண்டுல பெத்தியாவும் மரபணுச் சாட்சியும்

வரக்காப்பொலையிலிருந்து அதிக தூரமில்லாத கலபிட்டமடப் பகுதியில், வயல்களுக்கும் இறப்பர் தோட்டங்களுக்கும் நடுவே ஓடும் ஒரு சிற்றோடைதான் பண்டுல பெத்தியாவின் ஒரே வாழிடம் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது. 1991இல் மோரிஸ் கொட்டெலாவும் ரொஹான் பெத்தியாகொடவும் விவரித்துப் பெயரிட்ட இந்தச் சிறு மீன், சிவப்புப் பட்டியலில் மிக மோசமான ஆபத்து நிலையில் இருக்கிறது. ஓர் ஓடையை மட்டும் நம்பியிருக்கும் இனத்தை, வயலுக்கு அடிக்கும் மருந்து ஒரே நாளில் முடித்துவிடக்கூடும். ஆகவே, அண்மையில் இரண்டாவது இயற்கைக் கூட்டம் ஒன்று உறுதிப்படுத்தப்பட்டது பெரிய ஆறுதல். ஆனால் அந்த உறுதி எதன்மேல் நிற்கிறது என்று கேட்டாக வேண்டும். இந்த மீனைப் பொறுத்தவரை, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மரபணு நல்ல சாட்சி. என்ன இனம் என்ற கேள்விக்குத் தனித்து நிற்க முடியாத சாட்சி என்பதே என் முடிவு.

முதலில் அதன் வலு. நம் நாட்டு மீன்கள் தாமாக மட்டும் இடம் மாறவில்லை. 1980களின் தொடக்கத்திலேயே ஈரவலய மீன்கள் சில, காப்பாற்றும் நோக்கில் மகாவலி வடிநிலத்தில் கொண்டுபோய் விடப்பட்டன. மத்திய மலைநாட்டில் விடப்பட்ட, பண்டுல பெத்தியாவின் நெருங்கிய உறவான புலத் ஹப்பயா மீனின் கூட்டங்கள் களனி கங்கையிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று பெத்தியா பேரினம் பற்றி 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணை மட்டும் நம்பியிருந்தால், அவற்றை மலைநாட்டின் சொந்த மீன்கள் எனக் கொண்டு பரம்பலை அகலமாக வரைந்திருப்போம். யாரோ கொண்டுவந்து விட்ட கூட்டத்தில் மூல ஓடையின் மரபு வகைகளில் ஒரு பகுதிதான் இருக்கும். நெடுங்காலம் தனித்து வாழ்ந்த கூட்டத்தில் அதற்கே உரிய வகைகளும் தென்படும். இந்த வேறுபாட்டைச் செதிலும் நிறமும் காட்டித் தரமாட்டா.

குறை எங்கே என்றால், அதே ஆய்வில் பண்டுல பெத்தியாவும் புலத் ஹப்பயாவும் இரண்டு தெளிவான கிளைகளாகப் பிரியவில்லை. தாய்வழி மட்டுமே கடத்தப்படும் இழைமணி மரபணு ஒன்றை வைத்து, அடையாளம் தெரியாத மீனைத் தரவு வங்கியோடு ஒப்பிடும் ஆய்வுகூடம் எளிதில் தவறான பெயர் சொல்லிவிடும். புலத் ஹப்பயாவின் மூன்று கறுப்புப் பட்டைகள் பண்டுல பெத்தியாவில் இல்லை என்பதை வயலோரத்தில் நிற்பவரே காண்கிறார். கிளைகள் பிரியவில்லை என்றால் பண்டுல பெத்தியா தனி இனமே இல்லை எனலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அண்மையில் பிரிந்த இனங்களில் மூதாதையின் மரபணு வகைகள் இரு பக்கமும் எஞ்சியிருப்பது வழக்கம். பழைய கலப்பும் இதே தோற்றத்தைத் தரும். கிளை மங்கலாக இருப்பதைக் காட்டி ஒரு மீனின் பாதுகாப்பை இறக்குவது, கருவியின் எல்லையை மீனின் தலையில் கட்டுவதாகும். உடலமைப்பு, கரு மரபணுக்கள், அயல் ஓடைகளின் மாதிரிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை குறைந்த கூட்டத்தில் மாதிரி எடுப்பதே தீங்கு என்ற ஆட்சேபம் நியாயமானது. எனினும் செட்டையின் சிறு துணுக்கு போதும். மீனை உயிரோடு திரும்ப விடலாம். தாமதம்தான் இதைவிடக் கவலை தருகிறது. ஆய்வுகூட முடிவு வரும்வரை ஓடைக்கரை வெட்டப்படாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே தோற்றம் பொருந்தும் கூட்டத்துக்குத் தற்காலிகப் பாதுகாப்பை உடனே கொடுத்துவிட்டு மரபணுவை ஆராய்வதே சரி. அலங்கார மீன் பிடிப்போரின் கைக்கு எட்டாதபடி துல்லியமான இடத்தையும் மறைக்க வேண்டும். இரண்டு ஓடை மீன்களையும் கலந்து பெருக்கலாம் என்ற யோசனை எழுந்தால் மட்டும் அவசரம் கூடாது. கரு மரபணுக்களை ஒப்பிடாமல் ஒருமுறை கலந்துவிட்டால், எது எந்த ஓடைக்கு உரியது என்ற தடயத்தைப் பிறகு எந்த ஆய்வாலும் மீட்க முடியாது.