தேள், அட்டை, நெஞ்சுவலி

டோங்ஷின்லுவோ என்கிற சீனக் காப்ஸ்யூலில் என்ன இருக்குன்னு பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. ஜின்செங் வேர் சரி. கூடவே தேள், பூரான், அட்டை, சிள்வண்டு உரித்த தோல்! இதயக் கோளாறால் வரும் நெஞ்சுவலிக்கு, அதாவது ஆஞ்சைனாவுக்குத் தருகிறார்கள். ஆனா சிரிப்பு விமர்சனம் ஆகாது. அட்டையின் எச்சிலில் இருக்கும் ஹிருடின் ரத்தம் உறைவதைத் தடுப்பது நிரூபணமான விஷயம்.

2006-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று, நிலையற்ற ஆஞ்சைனாவில் இதைச் சோதித்த 18 ஆய்வுகளை அலசியது. மொத்தம் 1413 பேர். வலி வருவது குறைந்தது, ஈசிஜி தேறியது என்றெல்லாம் முடிவுகள். ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார்கள்.

தரத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? ஆஞ்சைனா வலி தானாகவே கூடும், குறையும். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஆஸ்பிரின், நைட்ரேட் கொடுத்தாலே பலருக்குக் குறையும். 'புது மருந்து சாப்பிடறோம்' என்று தெரிந்தவர் வலியைக் குறைத்துச் சொல்வார். டாக்டரும் அப்படியே எழுதிக்கொள்வார். போலி மாத்திரையும் குலுக்கல் முறையும் இதுக்காகத்தான். அந்தத் தொகுப்பை எழுதிய வூ தைஷியாங்கே பிறகு இன்னொரு வேலை செய்தார். சீன இதழ்களில் 'குலுக்கல் முறை' என்று போட்டிருந்த ஆய்வுகளின் ஆசிரியர்களிடம் போனில் விசாரித்தார். 2009-ல் வெளியான கணக்குப்படி, உண்மையிலேயே முறையாகக் குலுக்கியவை நூற்றுக்கு ஏழுதான்!

சரி, 2023-ல் ஜாமா இதழிலேயே வந்துடுச்சே என்பார்கள். வந்தது. நல்ல ஆய்வுதான்: 124 சீன மருத்துவமனைகள், 3777 பேர், போலி மாத்திரையோடு ஒப்பீடு. 30 நாளில் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் போலி மாத்திரைக் குழுவில் 5.2 சதவீதம், மருந்துக் குழுவில் 3.4. எனக்கே ஆச்சரியம். ஆனால் அவர்கள் ஆஞ்சைனாக்காரர்கள் இல்லை. மாரடைப்பு வந்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்டவர்கள். வழக்கமான சிகிச்சை எல்லாம் பெற்று, அதுக்கு மேலே இந்தக் காப்ஸ்யூலும் சாப்பிட்டவர்கள். அந்த எண்ணைக் காட்டி 'நெஞ்சுவலிக்கு நிரூபணமானது' என்று எழுதினால், நிலையற்ற ஆஞ்சைனா உள்ள ஒருத்தர் காப்ஸ்யூலை விழுங்கிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொள்ளக்கூடும். மாரடைப்புக்கு முந்தின கட்டமே அதுதான்.