சக்கரத்தைத் தடுப்பது எது? பிக்கப் முன்சஸ்பென்ஷன் சோதனை முறைகள் மீது ஒரு மதிப்பீடு

கரடுமுரடான தடங்களில் ஓடும் பிக்கப்புகளைப் பற்றி அடிக்கடி எழும் புகார், முன்சக்கரம் போதிய அளவு ஏறி இறங்குவதில்லை என்பது. பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. மேட்டில் வண்டி தூக்கிப் போடுகிறது. இடையிடையே இரும்போடு இரும்பு மோதும் 'டக்' சத்தம். இந்தப் புகாருக்கு எழுதப்படும் மருந்தும் பெரும்பாலும் ஒன்றே: ஷாக் அப்சார்பரை மாற்று. விலை கூடிய ஷாக் ஏறிய பிறகும் சத்தம் போகாவிட்டால் அடுத்து பால் ஜாயின்ட், அதற்கடுத்து புஷ் என்று பட்டியல் நீளும். இந்த வீண்செலவின் வேர் நோயறியும் முறையில் இருக்கிறது. சக்கரத்தின் வீச்சை ஒரே அளவாகப் பாவிப்பதே அடிப்படைப் பிழை. வண்டி சும்மா நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே ஏறக்கூடிய தூரம் ஒன்று, கீழே இறங்கக்கூடிய தூரம் இன்னொன்று. இரண்டின் எல்லையிலும் வெவ்வேறு பொருள்கள் குறுக்கே நிற்கின்றன. மேலே தடுப்பது எது, கீழே தடுப்பது எது என்று பெயர் சொல்ல முடியாத சோதனை, எவ்வளவு நுட்பமானதாகத் தோன்றினாலும், ஊகம்தான். வழக்கிலுள்ள சோதனை முறைகளை இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்க்கலாம்.

முதலில் அமைப்பு. டொயோட்டாவின் டகோமா, ஹைலக்ஸ், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீசிட்டி ஆலையில் உருவாகும் இசுசு வி-கிராஸ் ஆகியவற்றின் முன்பக்க அமைப்பு அடிப்படையில் ஒன்றே: மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், இரண்டுக்கும் நடுவே காயில் ஸ்பிரிங் சுற்றிய ஷாக். ஷாக்கின் அடிமுனை சக்கரத்தில் இல்லாமல், கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் பொருந்தியிருக்கிறது. ஆகவே ஷாக் ஓர் அங்குலம் சுருங்கினால் சக்கரம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் நகர்கிறது. ஷாக்கின் தலையில் வைக்கும் ஓர் அங்குல ஸ்பேசர் வண்டியை இரண்டு அங்குலத்துக்கு உயர்த்துவதும் இதனால்தான். கீழ்வீச்சை முடிப்பது பெரும்பாலும் ஷாக் முழுதாக நீண்டுவிடுவது. அதற்கு முன்பே மேல் ஆர்ம் ஸ்பிரிங்கிலோ அதன் கூண்டிலோ இடிக்கலாம், பால் ஜாயின்ட் தன் சாய்வின் எல்லையைத் தொடலாம், ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட் வளைய மறுக்கலாம். மேல்வீச்சை முடிக்க வேண்டியது ரப்பர் பம்ப் ஸ்டாப். ஆனால் பெரிய டயர் போட்ட வண்டியில் டயர் பெண்டரிலோ கேபின் தாங்கியிலோ முதலில் உரசிவிடக்கூடும். இவற்றோடு, ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது மட்டும் எதிர்ப்புக் காட்டும் ஸ்டெபிலைசர் பாரும் உண்டு. இத்தனை பேரில் யார் குற்றவாளி என்பதுதான் கேள்வி.

மிக எளிய சோதனை, டேப்பால் சக்கர நடுவிலிருந்து பெண்டர் விளிம்பு வரை அளப்பது. இதற்கு ஒரு நன்மை உண்டு: வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது, இடமும் வலமும் சமமா என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். அதற்குமேல் அது எதையும் சொல்லாது. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மொத்தச் சக்கர வீச்சு 8 அங்குலம். நிற்கும் நிலையில் மேலே 4, கீழே 4. ஸ்பிரிங்கை இறுக்கி, அதே ஷாக்கில் முன்பக்கத்தை 3 அங்குலம் உயர்த்தினால் மொத்த வீச்சு அதே 8தான். பங்கீடு மட்டும் மேலே 7, கீழே 1 என்று மாறிவிடுகிறது. குட்டைப் போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரிவதுபோல, உயரத்துக்குக் கொடுத்த விலை கீழ்வீச்சிலிருந்து கழிகிறது. சிறு பள்ளம் வந்தாலே ஷாக் தன் முழு நீளத்துக்கு இழுபட்டு உள்ளே மோதும். அதுதான் அந்த 'டக்'. டேப்பில் இந்த வண்டி கம்பீரமாக உயர்ந்து நிற்கும். தடத்தில் முன்சக்கரம் தரையைத் தொடாது. ஸ்பிரிங்கை இறுக்காமல் ஷாக்கின் தலையில் ஸ்பேசர் வைப்பவருக்குக் கீழ்வீச்சு போகாது. அவருடைய சிக்கல் வேறு. முழு வீச்சும் கீழ்நோக்கி இறங்குவதால் ஆர்ம்களும் ஜாயின்ட்களும் தங்கள் சாய்வின் எல்லைக்குப் போகின்றன. அத்துடன் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் அடிபடும் ஆபத்தும் சேர்கிறது. டேப்பில் ஒரே உயரம் காட்டும் இரு வண்டிகளுக்கு இப்படி இருவேறு நோய்கள் இருக்க முடியும்.

அடுத்தது, அமெரிக்க ஆஃப்ரோடு வட்டாரங்களில் பெருமதிப்புப் பெற்ற சரிவுப்பலகைச் சோதனை. 20 டிகிரி சரிவில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி, ஏதேனும் ஒரு சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும் வரை செலுத்துகிறார்கள். சரிவில் ஏறிய தூரத்தை வீல்பேஸால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் ஒரு குறியெண் கிடைக்கும். ஒரே வண்டியை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட இது நேர்மையான கருவி. யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம், வாய்ப்பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அந்த எண் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றாகக் குழைத்துத் தருகிறது. பிக்கப்பின் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் அமர்ந்த திட அச்சு வாகாக முறுக்கிக் கொடுத்தால், முன்பக்கத்தின் முடக்கத்தை அது மறைத்துவிடும். வீல்பேஸால் வகுப்பதால், நீளமான பிக்கப்புக்கு அதே வீச்சிலும் குறைந்த மதிப்பெண்ணே கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண் குறைந்தால் ஏன் குறைந்தது என்பதைப் பலகை சொல்லாது. ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கும். அது உண்மையிலேயே பயனுள்ள சோதனை. மற்றபடி சரிவுப்பலகை தருவது தரவரிசை.

இங்கே திட அச்சு ஆதரவாளர்கள் ஒரு மறுப்பை வைப்பார்கள்: முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதே குறை, அதில் நோய் தேடுவானேன்? அமெரிக்காவில் விற்ற டொயோட்டா நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகள் 1985 வரை முன்பக்கத்தில் திட அச்சையே கொண்டிருந்தன. 1986 மாடலில் டார்ஷன் பாருடன் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. அன்று தொடங்கிய மனக்குறை இன்னும் ஓயவில்லை. அந்தக் குறையில் நியாயம் உண்டு. திட அச்சில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது அந்த அசைவே மறுசக்கரத்தைக் கீழே தள்ளுகிறது. தனித்தனி அமைப்பில் அந்த உதவி கிடையாது. ஆனால் இந்த வாதம் நோயறிதலை அவசியமற்றதாக்கவில்லை. அதன் முதல் படியைத்தான் சுட்டிக்காட்டுகிறது. வடிவமைப்பில் இல்லாத வீச்சு, இருந்தும் ஏதோ தடுக்கும் வீச்சு, தடையில்லாமலே பயன்படாத வீச்சு என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. முதலாவது நோயே அல்ல. அதை நோயென்று எண்ணித்தான் பலர் பணத்தைக் கரைக்கிறார்கள்.

மூன்றாவது முறை, கைதேர்ந்த மெக்கானிக்கின் காதும் ஓட்டிப் பார்க்கும் அனுபவமும். இதைப் புத்தகவாதிகள் ஏளனம் செய்வது தவறு. பயன்படாத வீச்சைக் கண்டுபிடிக்க ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஷாக்கின் மீள்விசைக் கட்டுப்பாடு அளவுக்கு மீறி இறுகியிருந்தால், அடுத்தடுத்து மேடுகள் வரும்போது சக்கரம் முழுதாகக் கீழிறங்குவதற்குள் அடுத்த அடி விழுகிறது. வண்டி படிப்படியாக அமிழ்ந்து வீச்சு சுருங்கிப்போகும். முதல் மேடு மென்மையாகவும் நான்காவது மேடு முரட்டடியாகவும் தெரிந்தால் அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு; நிறுத்தி வைத்த வண்டியில் எந்த டேப்பும் இதைக் காட்டாது. ஆனால் காதுக்கும் எல்லை உண்டு. ஷாக் முழு நீளத்தில் மோதும் சத்தமும், தேய்ந்த பால் ஜாயின்ட்டின் சத்தமும், ஆர்ம் ஸ்பிரிங் கூண்டில் இடிக்கும் சத்தமும் கேபினுக்குள் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். காது சந்தேகத்தைக் கிளப்பலாம். தீர்ப்பு எழுதப் போதாது.

தீர்ப்புக்கு மிக அருகில் செல்லும் முறை, பலரும் தவிர்க்கும் முறைதான்: காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் திரும்பப் பொருத்தி, ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியின் கீழ் ஆர்மை ஜாக்கியால் மெல்ல ஏற்றி இறக்குவது. ஸ்பிரிங்கின் விசை இல்லாததால் ஒவ்வொரு தொடுதலும் கண்ணுக்குத் தெரியும், ஒவ்வொரு இறுக்கமும் கைக்குத் தெரியும். கீழே போகும்போது ஷாக் முதலில் நிற்கிறதா, பால் ஜாயின்ட் முதலில் நிற்கிறதா, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பார்க்கலாம். மேலே போகும்போது பம்ப் ஸ்டாப்புக்கு முன் டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கலாம். சக்கரம் தொங்கிய நிலையில் கீழ் ஆர்ம் போல்ட்டுகளை முறுக்கிவிட்டிருந்தால், ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்குண்டு ஆர்மைப் பின்னிழுக்கும். அந்தத் தவறும் இங்கே அகப்படும். இரண்டு எல்லைகளும், இரண்டு தடைகளும், பெயரோடு கிடைத்துவிடுகின்றன.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. ஜாக்கியின் மெதுவான தள்ளலில் பம்ப் ஸ்டாப் தொட்டதும் அசைவு முடிந்ததாகத் தோன்றும்; ஓடும் வேகத்தில் அந்த ரப்பர் நன்றாக நசுங்கி மேலும் இடம் கொடுக்கும். ஆகவே டயர் உரசலைச் சோதிக்கும்போது பம்ப் ஸ்டாப்பையும் கழற்றிவிட்டு இன்னும் மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும். வேகம், சூடு, எண்ணெயின் நடத்தை எதுவும் இதில் தெரியாது. அந்தக் குறையை நிரப்ப, ஷாக்கின் தண்டில் ஒரு ஜிப் டையைக் கட்டிவிட்டு ஓட்டிவந்தால் போதும். அது எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் மேல்வீச்சு பயன்பட்டது. இடமிருந்தும் ஜிப் டை பாதியில் நின்றால் ஸ்பிரிங்கோ ஷாக்கோ விறைப்பு என்று பொருள். கனத்த பம்பருக்கும் வின்ச்சுக்குமாகக் கடினமான ஸ்பிரிங் போட்டுவிட்டு, பிறகு அவற்றைக் கழற்றிய வண்டிகளில் இப்படி நேரும்.

நேரமும் கூலியும் யார் கொடுப்பது, இறுக்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்தாயிற்றே என்ற மறுப்பு வலுவானது. சரியான கம்ப்ரசர் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஆனால் இது வரிசை பற்றிய கேள்வி. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரு சக்கரங்களையும் தொங்கவிட்டு அளந்தாலே கீழ்வீச்சு எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்துவிடும். ஜிப் டை மேல்வீச்சைச் சொல்லிவிடும். இந்த மலிவான இரண்டும் முரண்பட்டாலோ, தடை எதுவென்று சொல்லாவிட்டாலோதான் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டிவரும். ஊகத்தில் வாங்கும் ஒரு ஜோடி ஷாக்கின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி பெரிதல்ல.

சோதனை முடிவில், தடுப்பது ஷாக்கின் நீளமும் ஆர்ம்களின் நீளமுமே என்று தெரியவந்தால், அதை ஏற்றுக்கொள்வதும் நோயறிதலின் பகுதி. ஃபோர்டு 2010 மாடலில் எஃப்-150 ராப்டருக்கு 11.2 அங்குல முன்வீச்சு கொடுத்தபோது, ஷாக்கை மட்டும் மாற்றி அதைச் சாதிக்கவில்லை. ஆர்ம்களை நீட்டி, வண்டியையே அகலமாக்கியது. வீச்சு வடிவியலிலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்தச் செலவுக்குத் தயாரில்லாதவருக்கு எஞ்சும் சிகிச்சை, உயர்த்திய மூன்று அங்குலத்தில் ஒன்றரையைத் திரும்ப இறக்கி, கீழ்வீச்சை மீட்பதுதான். அதற்குப் புதிய உதிரிபாகம் எதுவும் தேவையில்லை என்பதால், அதை யாரும் விற்பதும் இல்லை, பரிந்துரைப்பதும் அரிது.