மணி அடிக்கும்வரை வெளியே வாசித்தவர்

1827-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் நகரில் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' என்னும் வாரப் பத்திரிகை வெளிவந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தாமே நடத்திய முதல் பத்திரிகை அது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான ஜான் ரஸ்வர்ம், அதற்கு முந்திய ஆண்டில்தான் போடன் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறிய இளைஞர். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி முற்றிலும் ஒழிவதற்கு அப்போது இன்னும் சில மாதங்கள் எஞ்சியிருந்தன. தமக்காகப் பரிந்து பேசிய நல்லவர்களின் தயவிலிருந்தும், தம்மை இழித்துப் பேசியவர்களின் வசையிலிருந்தும் ஒருங்கே விடுபட்டு, தம் வழக்கைத் தாமே உலகத்தின் முன் வைக்க வேண்டும் என்ற உறுதியே அந்தப் பத்திரிகையைப் பிறப்பித்தது. ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து கல்விச்சாலைக்குள் நுழைந்த மாணவன், அங்கே பெற்ற எழுத்தறிவைத் தன் பிழைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் பொதுவாழ்வின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்துகிற இந்தச் செயல், அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் தலையாய மனிதர் ஒருவர் நெம்மேலியும் மாமல்லபுரமும் அடங்கிய இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே பிறந்தார் என்பது, இக்கடற்கரையில் வசிக்கிற நாம் அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்.

அவர் இரட்டைமலை சீனிவாசன். கோழியாளம் என்னும் கிராமத்தில் பிறந்து, வறுமையினாலும் ஜாதிக் கொடுமையினாலும் இடம்பெயர்ந்த குடும்பத்தோடு தஞ்சை சென்று, பின்னர் கோயம்புத்தூரில் கல்வி கற்றவர். 1939-இல் வெளியான 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற தம் சிறு நூலில் அந்த மாணவப் பருவத்தை அவர் சில வரிகளில் சொல்லிச் செல்கிறார். அந்தச் சில வரிகள் பெரிய கிரந்தம் ஒன்றின் கனத்தை உடையன. அவர் படித்த கலாசாலையில் ஏறக்குறைய நானூறு பிள்ளைகள் இருந்தார்கள். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் யாவரும் பிராமணர். எவரோடேனும் சிநேகம் கொண்டால் தம் ஜாதியும் குடும்பமும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடும், வெளிப்பட்டால் தம்மைத் தாழ்வாக நடத்துவார்கள் என்ற அச்சத்தினால், அவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து வாசித்துக்கொண்டிருப்பார். ஆரம்ப மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்புக் கலைந்ததும் மற்றப் பிள்ளைகள் தம்மைப் பின்தொடர்ந்துவிடாதபடி வேகமாக வீடு திரும்புவார். மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத அந்தக் கொடுமையை எண்ணி எண்ணி, இதை எப்படி மாற்றுவது என்று அந்த வயதிலேயே அவர் மனம் ஆலோசித்தது.

அந்த மாணவர் பிற்காலத்தில் செய்த காரியத்தை இதனோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முழு வீரியமும் விளங்கும். நீலகிரியில் ஐரோப்பிய வியாபார ஸ்தாபனத்தில் கணக்கராக உழைத்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர், 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர், கோயம்புத்தூரில் எந்த அடையாளத்தை மறைத்து மறைத்து வாழ்ந்தாரோ அதே அடையாளம்: 'பறையன்'. தன் பெயரைத் தானே கூறி முன்வராத மக்களுக்குச் சுதந்திரமும் உரிமையும் கைகூடா என்பது அவர் கொண்ட முடிவு. நான்கே பக்கங்களில் மாதப் பத்திரிகையாகத் தொடங்கிய அது விரைவிலேயே வாரப் பத்திரிகையாயிற்று. 1900 வரை நடந்தது.

அந்தப் பத்திரிகை எதைப் பற்றிப் பேசியது என்பதே என் ஆய்வுக்கு முக்கியம். தன் மக்கள் படும் துன்பங்களை மட்டும் அது முறையிட்டுக்கொண்டிருக்கவில்லை. சிவில் சர்வீஸ் பரீட்சையை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியபோது, அப்படி நடத்தினால் ஆட்சிப் பதவிகள் எல்லாம் மேல்ஜாதியினர் கையிலேயே போய்ச் சேரும், அவர்கள் அதிகாரத்தின்கீழ் ஒடுக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் மோசமாகும் என்று வாதித்து, 1893 டிசம்பரில் சென்னையில் ஒரு பெருங்கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார் சீனிவாசன். அவருடைய நிலைப்பாட்டை ஏற்பவர் உண்டு, மறுப்பவர் உண்டு. தேசிய இயக்க நோக்கில் அதைக் குறை கூறுவது எளிது. ஆனால் ராஜ்யத்தின் உயர்ந்த உத்தியோகங்களை எவ்விதம் நிரப்புவது என்ற பொதுப் பிரச்சினையில், சேரிவாசி ஒருவன் அபிப்பிராயம் சொல்லத் தகுதியுடையவன் என்று அந்தப் பத்திரிகை காட்டிய துணிவே அதன் சாதனை என்பது என் துணிபு.

இவ்வளவும் நிகழ்ந்த காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவின் நிலை என்ன என்பதற்கு வேறொரு சான்று இருக்கிறது. இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர், 1891-இல் இந்த ஜில்லாவின் பறையர்கள் பற்றி எழுதிய குறிப்பில், நிலமின்மையும் கடனும் குடியிருக்கும் மனைமீதுகூட உரிமையில்லாத நிலையும் எவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதை விஸ்தாரமாக எடுத்துக்காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பிறந்த அரசாணைகளே பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்று வழங்கலாயிற்றே, அந்த நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. நல்லெண்ணம் படைத்த அதிகாரியின் அறிக்கைதான். எனினும் அதில் அம்மக்கள் வருணிக்கப்படுகிறார்கள், தாம் பேசுவதில்லை. அடுத்த ஆண்டே வெளிவந்த 'பறையன்' அந்தக் குறையைத் தீர்த்தது.

சீனிவாசன் தனியாக நிற்கவில்லை. ஜெ. பாலசுப்பிரமணியம் 2017-இல் வெளியிட்ட 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற ஆய்வு நூல், 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து, இத்துறையில் நமக்கிருந்த அறியாமையைப் பெருமளவு நீக்கியிருக்கிறது. அவ்விதழ்களுள் காலத்தை வென்று நிற்பது அயோத்திதாச பண்டிதர் 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்'. மறு ஆண்டில் 'தமிழன்' என்று பெயர் சுருங்கி, 1914-இல் அவர் மறையும்வரை அவர் கையாலேயே நடந்த அவ்விதழில், பௌத்தமும் பண்டை இலக்கணமும் ஒருபுறமிருக்க, மழை, விவசாயம், முனிசிபாலிட்டி நிர்வாகம், சுதேசி இயக்கம் என்று அன்றைய நாட்டு நடப்பு ஒவ்வொன்றும் விவாதிக்கப்பட்டது. பம்பாயில் மராத்தியில் நடந்ததும் இதுவே. கொலம்பியா சர்வகலாசாலையில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1920 ஜனவரியில் 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கியபோது, திலகர் ஸ்தாபித்த 'கேசரி' கட்டணம் பெற்றுக்கொண்டுகூட அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது. அந்த அம்பேத்கரே 1946-இல், கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், நீக்ரோ பிரச்சினையின் மாணவனாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார். டூபாய்ஸும் தீண்டாதாரிடம் தமக்குள்ள அநுதாபத்தைத் தெரிவித்துப் பதில் எழுதினார்.

விடுதலைக்குப் பின் மாணவனின் குரல் பத்திரிகையைவிட இலக்கியத்திலேயே வலுவாக ஒலித்தது. 1992-இல் வெளியான பாமாவின் 'கருக்கு', 2002-இல் வந்த ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்', கே. ஏ. குணசேகரனின் 'வடு' ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வாசிப்பவர், ஒடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி விடுதலையாகவும் அவமானமாகவும் ஒரே நேரத்தில் அமைகிறது என்பதை உணர்வர். மூன்றினுள் 'சிலுவைராஜ் சரித்திர'த்தையே நான் மேலாகக் கருதுகிறேன். விடுதி, தேர்வு, வேலை தேடல் என்று ஒரு மாணவன் கடந்துவரும் ஒவ்வோர் அலுவலக வாசலையும் அத்தனை நுணுக்கத்தோடு காட்டிய நாவல் தமிழில் வேறில்லை. பத்திரிகைத் துறையில் 1997-இல் தோன்றிய 'தலித் முரசு', இன்று நடக்கும் 'நீலம்' முதலியவை பழைய மரபைத் தொடர்ந்திருக்கின்றன.

எனினும் இவையெல்லாம் தனி மேடைகள். தினந்தோறும் லட்சக்கணக்கானோர் காணும் பெரிய பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் நிலைமை என்ன? 1968-இல் அமெரிக்காவின் கெர்னர் கமிஷன், நகரக் கலவரங்களின் காரணங்களை ஆராய்ந்தபோது பத்திரிகைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, செய்தியறைகளில் பணிபுரிவோருள் கறுப்பினத்தார் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை என்பதையும், வெள்ளையர் கண்கொண்டே நாடு முழுவதும் பார்க்கப்படுகிறது என்பதையும் சுட்டிக்காட்டியது. அங்கே அரசாங்கமே நியமித்த கமிஷன் அதைச் சொல்லியது. நம் நாட்டிலோ 1996-இல் டில்லியில் பி. என். உனியால் என்ற பத்திரிகையாளர் தனிமனிதராகத் தேடிப் பார்த்து, ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதும்வரை எவரும் அக்கேள்வியை உரக்கக் கேட்கவில்லை. பத்தாண்டு கழித்து, 2006-இல், டில்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரை ஆராய்ந்தபோது அவர்களுள் தலித்தோ ஆதிவாசியோ ஒருவரும் இல்லை. 2019-இல் வேறோர் ஆய்வு 121 தலைமைப் பதவிகளை எடுத்துக்கொண்டது. 106-இல் மேல்ஜாதியினர் இருந்தனர், அட்டவணை ஜாதியினரும் பழங்குடியினரும் ஒருவரும் இல்லை. இருபத்து மூன்று ஆண்டுகளில் ஓர் அணுவும் அசையவில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சம் பதைக்கிறது.

இதன் விளைவை நம் கடற்கரையிலேயே காணலாம். மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி நடந்த போராட்டம், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்த பிறகே தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டது. நூறாண்டுகளாக அந்த நிலங்கள் எவ்வாறு கைமாறின என்ற கேள்வி அதற்கு முன் செய்தியாகவில்லை. 2021 அக்டோபரில், மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தம்மை அமரவிடாமல் விரட்டினர் என்று பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவப் பெண் ஒருவர் பேசிய பேச்சு கைப்பேசித் திரைகளில் பரவியது. அறநிலையத்துறை அமைச்சர் வந்து அதே பந்தியில் அவர்களோடு அமர்ந்து உண்டார். அடுத்து வந்த தீபாவளியன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டாக்கள் வழங்கினார். மகிழத்தக்க நிகழ்ச்சி, ஒரு குடிமகளின் சொல் அரசாங்கத்தை வீட்டு வாசலுக்கு அழைத்து வந்தது. ஆனால் பட்டாவும் ஜாதிச் சான்றிதழும் இன்றி அக்குடும்பங்கள் கழித்த ஆண்டுகள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள்தோறும் போய்வரும் செய்தியாளர் எவர் கண்ணிலும் ஏன் படவில்லை? ஒடுக்கப்பட்டவர் சுடப்படும்போதும் விரட்டப்படும்போதும் செய்தியாகிறார்கள், சிந்திக்கும்போது ஆவதில்லை.

மாணவர்களின் கதையும் அப்படியே. சென்னை ஐ.ஐ.டி.யின் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் மத்திய அரசின் கொள்கைகளைப் பற்றி விவாதித்தது. பெயரில்லாத புகார்க் கடிதம் ஒன்றன்பேரில் 2015 மே மாதத்தில் அதன் அங்கீகாரம் விலக்கப்பட்டு, பெருங்கிளர்ச்சிக்குப் பின் ஜூனில் திரும்ப அளிக்கப்பட்டது. வாசகர் வட்டத்தின் பெயரை நாடறியச் செய்தது அந்தத் தடைதான். அம்மாணவர்கள் விவாதித்த விஷயங்களை எத்தனை பேர் அறிவர்? 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளின் பெயரிலிருந்து ஜாதியை நீக்குவது முதலாக, கைகளில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பதுவரை பல பரிந்துரைகளை 2024-இல் அளித்தது. அவை வேண்டியவையே. அவற்றோடு, ஒடுக்கப்பட்ட மாணவர்கள் தாமே எழுதி நடத்தும் ஓர் இதழ் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

அத்தகைய இதழ் எதை எழுதலாம் என்பதற்கு நெம்மேலியை எடுத்துக்கொள்வோம். இங்கே 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் நிலையம் இயங்குகிறது. 15 கோடி லிட்டருக்கான இரண்டாம் நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. அருகே பேரூரில் இன்னும் பெரியதொன்று, 40 கோடி லிட்டருக்கென்று திட்டமிடப்பட்டது. அந்தத் தண்ணீர் எவருக்குப் போகிறது, நிலையத்தின் அருகிலுள்ள குப்பங்களுக்கும் காலனிகளுக்கும் எவ்வளவு கிடைக்கிறது, திரும்பக் கடலில் விடப்படும் உவர்நீரால் மீன்பாடு எப்படி மாறுகிறது, கரை எவ்வளவு அரிக்கப்படுகிறது என்பவை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே ஆராயக்கூடிய கேள்விகள். இரட்டைமலை சீனிவாசன் சிவில் சர்வீஸ் பரீட்சையைப் பற்றி எழுதினார். 1924-இல் சென்னைச் சட்டசபையில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அலுவலகங்களும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். அவர் வழியில் வருகிற மாணவி ஒருத்தி, தான் பட்ட இழிவை எழுதவும் உரிமையுடையவள், குழாயில் வரும் நீரின் கணக்கை எழுதவும் உரிமையுடையவள். முன்னதை மட்டுமே அவளிடம் எதிர்பார்க்கும் ஆசிரியர், அவளை இன்னும் வகுப்புக்கு வெளியேதான் நிறுத்தியிருக்கிறார்.

எழுதுவதோடு, எழுதியதைக் காப்பதும் வேண்டும். 'பறையன்' இதழ்களின் முழுத் தொகுதி இன்று நம் கையில் இல்லை. சர்க்கார் தன் உபயோகத்துக்கென்று தயாரித்த சுதேசப் பத்திரிகைச் சுருக்கங்களில் ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் துணுக்குகளைக் கொண்டே ஆராய்ச்சியாளர்கள் அதன் உள்ளடக்கத்தை ஊகிக்க நேர்ந்திருக்கிறது. 'தமிழன்' தப்பியதற்குக் காரணம், அன்பர்கள் சிலர் தலைமுறை தலைமுறையாகப் பிரதிகளைப் பாதுகாத்ததும், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்ற பெயரில் வெளிவரச் செய்ததும்தான். இன்றைய மாணவரின் பேச்சு கைப்பேசியில் பிறந்து, இரண்டு நாளில் ஆயிரமாயிரம் பேரைச் சென்றடைந்து, மூன்றாம் நாள் மறைந்துவிடுகிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தமிழ் அச்சுநூல்களைக் காத்துவருவதுபோல, செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதிக் கல்லூரிகள் தம் மாணவர்களின் கையெழுத்து இதழ்களையும் துண்டறிக்கைகளையும் ஒலிப்பதிவுகளையும் ஆண்டுவாரியாகச் சேர்த்துவைக்கலாம். அதற்கு ஓர் அலமாரியும், பொறுப்பேற்க ஓர் ஆசிரியரும் போதும். கோழியாளத்தில் பிறந்தவரின் பெயரில் அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.