நொடிக்கு அறுபது முறை

ரஸ்ட் மொழியின் இடைமுகத் தொகுப்பான ஈகூயியில் ஒரு பொத்தான் வைக்க ஒரே வரி போதும். ரஸ்ட் மொழிக்காரர்கள் அதை வாய்விட்டுப் படித்தால் இப்படி வரும்: இஃப், யூஐ டாட் பட்டன், அடைப்புக்குள் ‘சேமி’, டாட் கிளிக்டு. அடுத்து நெளிவடைப்பு, அதற்குள் கோப்பைச் சேமிக்கும் வேலை. பொத்தானை வரைவது, மவுஸ் அதன் மேல் நிற்கிறதா என்று பார்ப்பது, அழுத்தினார்களா என்று கேட்பது, அழுத்தியிருந்தால் ஆக வேண்டியதைச் செய்வது எல்லாம் அந்த ஒரு ‘இஃப்’புக்குள் முடிந்துவிடுகின்றன. நிரலில் அழகான வரி ஒன்று காட்டு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அழகு எங்கே இருக்கிறது என்று தெரிய, வழக்கமான வலைப்பக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பொத்தான் ஓரிடத்தில் பிறக்கிறது. அழுத்தினால் என்ன நடக்கும் என்பது வேறொரு கோப்பில் கிடக்கிறது. தரவு மூன்றாவது இடத்தில். தரவு மாறினால் திரையை மாற்று, திரை மாறினால் தரவை மாற்று என்று இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பதுதான் நிரலரின் பிழைப்பு. ஒரே கடைக்கு இரண்டு பேரேடு வைத்து ராத்திரிதோறும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மாதிரி. எங்கோ ஒரு பதிவு விட்டுப்போகும்; திரை ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். ஈகூயி இரண்டாவது பேரேட்டையே தூக்கிப் போட்டுவிட்டது. திரையில் என்ன இருக்கிறது என்று அது தனியே நினைவு வைப்பதில்லை. தேவைப்படும்போதெல்லாம் முழுத் திரையையும் முதலிலிருந்து கேட்கிறது, வரைகிறது. அசைவு இருக்கும் நேரத்தில் இது நொடிக்கு அறுபது முறை நடக்கும்.

இந்த யோசனை பிரவுசரில் பிறந்ததல்ல, விளையாட்டு நிரலர்களின் பட்டறையில் பிறந்தது. கேசி முராட்டோரி 2005இல் ஒரு வீடியோ உரையில் இதற்கு ‘இம்மீடியட் மோட்’ என்று பெயர் வைத்து விளக்கினார். எப்படியும் விளையாட்டு ஒவ்வொரு ஃபிரேமையும் புதிதாக வரைகிறது. பொத்தானை மட்டும் ஏன் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒமர் கார்னுட் 2014இல் வெளியிட்ட டியர் இம்கூயி, அதைச் சி பிளஸ் பிளஸ் உலகத்தின் அன்றாடக் கருவியாக்கியது. எமில் எர்னர்ஃபெல்ட் அதே மரபை ஈகூயி மூலம் ரஸ்ட்டுக்குக் கொண்டுவந்து, பிரவுசருக்குள்ளும் ஓடவைத்தார்.

பிரவுசருக்குள் ஓடுவதற்கு வழி திறந்தது, மற்ற மொழிகளில் எழுதிய நிரலை அங்கே ஓடவைக்கும் வெப்அசெம்பிளி. 2015இல் அறிவித்தார்கள், 2017 முடிவதற்குள் நான்கு பெரிய பிரவுசர்களிலும் வந்துவிட்டது, 2019 டிசம்பரில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை முறையான தரமாக ஏற்றது. வடிவமைப்புக் கருவியான ஃபிக்மாவின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் வரைகலை இயந்திரம் சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது, முதலில் ஏஎஸ்எம்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வடிவில் ஓடிக்கொண்டிருந்ததை 2017இல் வெப்அசெம்பிளிக்கு மாற்றியபோது திறக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வடிவமைப்பாளர்கள் பிரவுசர் தாவலுக்குள்ளேயே நாள் முழுதும் வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வலுத்தது.

ஆனால் வெப்அசெம்பிளி ஒரு கதவடைத்த அறை. 64 கிலோபைட் பக்கங்களாக வளரும் ஒரு நீண்ட நினைவகம், எண்கள், அவற்றின் மேல் செய்யும் கணக்கு. அதன் உலகம் இவ்வளவுதான். பக்கத்தில் உள்ள பத்தியையோ பொத்தானையோ அதனால் நேராகத் தொட முடியாது. வெளியே இருக்கும் ஜாவாஸ்கிரிப்டைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். ஈகூயி இந்தக் கட்டுப்பாட்டோடு சண்டை போடவில்லை. பிரவுசரிடம் அது கேட்பது வரைய ஒரு வெறும் கேன்வாஸ்; வரும் தட்டல்களையும் மவுஸ் நகர்வுகளையும் உள்ளே அனுப்பச் சொல்கிறது. மற்றதெல்லாம் தன் பொறுப்பு.

ஒரு ஸ்லைடரை இழுக்கும்போது நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஈகூயியின் அறிமுகப் பக்கத்திலேயே உள்ள உதாரணம் இது: வயதைக் கேட்கும் ஸ்லைடர், 0 முதல் 120 வரை. விரல் நகர்ந்ததும் பிரவுசர் புதிய இடத்தைச் சொல்கிறது. நிரல் மேலிருந்து கீழே ஒருமுறை ஓடுகிறது. ஸ்லைடரின் வரி வந்ததும் ‘வயது’ என்ற மாறியை அந்த வரிக்கு மட்டும் கடன் வாங்கி, விரல் நிற்கும் இடத்துக்கு ஏற்ற எண்ணை அதில் எழுதி, குமிழும் கோடும் எங்கே வர வேண்டும் என்று குறித்துக்கொண்டு, வரி முடியும்போது மாறியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ரஸ்ட் எழுதியவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பார்கள். யார் எதை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதில் ரஸ்ட் அவ்வளவு கறார். திரையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஸ்லைடர் ஒன்று மாறியைக் கையிலேயே வைத்துக்கொள்ள முயன்றால் கம்பைலர் விடாது. சுற்றி வளைத்து ஏதாவது செய்ய வேண்டும். இங்கே கடன் ஒரு வரியில் தொடங்கி அதே வரியில் தீர்கிறது. எதிரெதிர்த் தேவைகளிலிருந்து வந்த ஒரு மொழியும் ஒரு பாணியும் இப்படி அச்சாகப் பொருந்துவது அபூர்வம். என் ரசனை முழுக்க இந்தப் பொருத்தத்தில்தான் நிற்கிறது.

குறித்துக்கொண்ட வடிவங்கள் பிறகு முக்கோணங்களாக உடைக்கப்படுகின்றன. குமிழின் வட்ட விளிம்பைச் சுற்றி மெல்லிய பட்டை ஒன்று சேர்க்கப்பட்டு, நிறத்திலிருந்து ஒன்றுமில்லாமைக்குக் கரைகிறது. விளிம்பு பிசிறில்லாமல் தெரிவது அதனால்தான். எழுத்துகள் எல்லாம் ஒரே படத்தில் அடுக்கப்பட்டு, வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டப்படுகின்றன. முக்கோணங்களின் பட்டியல் ஜிபியூவுக்குப் போகிறது. அறுபது ஃபிரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. ஈகூயிக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிநொடி போதும். விரலை எடுத்து, எதுவும் அசையாமல் இருந்தால் வரைவதையும் நிறுத்திக்கொள்ளும். பேட்டரி தீரும் என்று பயப்படத் தேவையில்லை.

இந்த எளிமைக்கு விலை உண்டு. நினைவு வைக்காத முறைக்கு, ஒரு பெட்டி எவ்வளவு அகலம் வேண்டும் என்பது அதை வரைந்து முடித்த பிறகே தெரியும். ஆகவே புதிய சாளரம் ஒன்று திறக்கும்போது முதல் சுற்றை யார் கண்ணுக்கும் காட்டாமல் அளவெடுப்பதற்கே செலவிட்டு, அடுத்த சுற்றில் காட்டுகிறது. மடிப்புப் பட்டி திறந்திருந்ததா என்பது போன்ற சில்லறையை மட்டும் அது பெயரை வைத்து நினைவில் கொள்கிறது; ஒரே பெயரில் இரண்டு பட்டிகள் வைத்துவிட்டால் எது திறந்திருந்தது என்பதில் அதற்குக் குழப்பம் வரும். மறைக்காமல் திரையிலேயே சிவப்பெழுத்தில் சொல்லிவிடும். தன் பலவீனத்தை இவ்வளவு வெளிப்படையாக வைக்கும் கருவி எனக்குப் பிடிக்கும். இந்தக் குறைகளோடும், ரோபோக்களின் கேமரா, சென்சார் தரவுகளைக் காட்டும் ரீரன் போன்ற கனமான கருவி ஈகூயியின் மேல் எழுந்து நிற்கிறது, டெஸ்க்டாப்பிலும் பிரவுசரிலும் ஒரே மூலநிரலோடு.

பெரிய விலை எழுத்தில்தான் இருக்கிறது. தமிழ் படிப்பவருக்கு அது உடனே உறைக்கும். ‘பேச’ என்ற சொல் கணினியில் ப, ஏகாரக் கொம்பு, ச என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பைப் பகரத்துக்கு முன்னால் நகர்த்தி நிறுத்துவது வடிவமைப்பு நிரலின் வேலை. பிரவுசர்கள் பலவற்றில் ஹார்ஃப்பஸ் என்ற தொகுப்பு அதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. கேன்வாஸுக்குள் புகுந்ததும் அந்தத் துணை போய்விடுகிறது. ஈகூயி நெடுங்காலமாக எழுத்துருவிலிருந்து குறிகளை வந்த வரிசையில் அடுக்கும் வழியையே பின்பற்றியது. ஈகூயியோடு வரும் எழுத்துருக்களில் தமிழே கிடையாது. வெறும் கட்டங்கள்தான் தெரியும். அந்த வழியில் தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்தாலும் ‘பேச’ திரையில் ‘பசே’ என்று நிற்கும். இதைச் சின்னக் குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. தன் மொழியின் ஒரு சொல் உடைந்து நிற்கும் திரையை யாரும் தன்னுடையதாக நினைக்க மாட்டார்கள்.

தீர்வு கைக்கெட்டாததும் இல்லை. ஹார்ஃப்பஸை ரஸ்ட்டில் மறுபடி எழுதிய ரஸ்டிபஸ் வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஐஸ்டு என்ற இன்னொரு ரஸ்ட் இடைமுகத் தொகுப்பு, எழுத்தை வடிவமைக்கும் வேலையைக் காஸ்மிக்-டெக்ஸ்ட்டிடம் ஒப்படைத்திருக்கிறது. அதுவும் வெப்அசெம்பிளியில் ஓடும். ஃப்ளட்டர் என்ற இடைமுகத் தொகுப்பின் கேன்வாஸ்கிட் தன் பொதிக்குள்ளேயே ஹார்ஃப்பஸைச் சுமந்து வருகிறது. அதனால் பதிவிறக்கம் கூடும். தமிழ் நேராக நிற்கும் என்றால் அந்தக் கூடுதல் எனக்குச் சம்மதமே.

எழுத்தைப் போலவே பிரவுசர் இலவசமாகத் தந்துகொண்டிருந்த வேறு சிலவும் கேன்வாஸில் போய்விடும். கண்ட்ரோல்-எஃப் போட்டுத் தேட முடியாது. திரைவாசிப்பானுக்கு அங்கே இருப்பது ஒரு படம். உள்ளே பொத்தான் இருப்பது தனியே சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். கைபேசியில் விசைப்பலகையை வரவழைக்கக்கூட ஈகூயி பக்கத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத உள்ளீட்டுப் பெட்டியை வைத்து, அதன் வழியாகத் தட்டச்சை வாங்குகிறது. ஆகவே படிக்கும் பக்கங்களுக்கும் படிவங்களுக்கும் ஹெச்டிஎம்எல்லே இருக்கட்டும். ஒலி அலையை வெட்டி ஒட்டும் கருவி, வரைபடத்தின் மேல் பாதை குறிக்கும் கருவி, எண்களைத் திருகித் திருகி விளைவைப் பார்க்கும் ஆய்வுத் திரை என்று கை ஓயாமல் தொட்டு அசைக்கும் வேலை வந்தால், நான் தயங்காமல் ஈகூயியைத்தான் எடுப்பேன்.