கணிப்பொறியும் பழமொழியும்

ஒரு தொழில் ஜனங்களோடு ஒட்டிவிட்டது என்பதற்கு அடையாளம், அதைப் பற்றிப் பழமொழி பிறப்பதுதான். உழவுக்கு நம்மிடம் நூற்றுக்கணக்கில் பழமொழிகள் உண்டு. நெசவுக்கும் வைத்தியத்துக்கும் உண்டு. கடன் கொடுப்பதற்கும் சம்பந்தம் பேசுவதற்கும் உண்டு. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலுக்கு இப்போது வயசு சுமார் எண்பதுதான். அதற்குள் அந்தத் தொழில்காரர்கள் இங்கிலீஷில் ஒரு பெரிய பழமொழிக் குவியலையே சேர்த்துவிட்டார்கள். பாதி ஹாஸ்யம், பாதி ஞானம். இரண்டும் கலந்தவையும் உண்டு. அந்தக் குவியலைச் சில மாதங்களாகப் படித்து வந்தேன். நான் நிரல் எழுதுகிறவன் அல்ல, நாவல் எழுதுகிறவன். ஆகையால் இவற்றை இலக்கியமாகத்தான் நான் எடை போட முடியும்.

இந்த வகையில் முதலில் பேச வேண்டியவர் ஆலன் பெர்லிஸ். கணிப்பொறித் துறையில் மிகப் பெரிய கௌரவம் என்று சொல்லப்படும் டூரிங் பரிசு 1966-இல் ஏற்பட்டபோது அதை முதன்முதலாகப் பெற்றவர். பிற்காலத்தில் யேல் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தார். 1982-இல் ஒரு தொழில் சஞ்சிகையில், நம்பர் போட்டு, 130 ஒற்றை வரிகளை வெளியிட்டார். தொழில்காரர்கள் இன்றும் அவற்றை மேஜை மேல் ஒட்டிவைத்துக்கொள்கிறார்கள். காப்பிக் கோப்பைகளில்கூட அச்சிடுகிறார்கள்.

ஒரு வரி தரமானதா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு உரைகல்: தமிழில் சொல்லிப் பார்ப்பது. பெர்லிஸின் பெயர் பெற்ற வரிகளில் ஒன்று, நிரலில் வரும் அரைப்புள்ளிக்குப் புற்றுநோய் வருவதைப் பற்றியது. இங்கிலீஷில் அந்தக் குறியின் பெயரிலேயே பெருங்குடலின் பெயரும் ஒளிந்திருக்கிறது. அதனால் அங்கே சிரிப்பு. தமிழில் அரைப்புள்ளி அரைப்புள்ளிதான். அதற்குக் குடலும் இல்லை, நோயும் இல்லை. இன்னொரு வரி, ஆஸ்கார் வைல்டின் நாடக வசனம் ஒன்றைத் திருப்பிப் போட்டது. வைல்டைப் படிக்காதவனுக்கு அதில் பாதி சுகம் போய்விடும். இவை சாமர்த்தியங்கள். நம்முடைய சிலேடைக் கவிராயர்களும் இதைச் செய்தார்கள். சிலேடையை நான் வெறுக்கவில்லை. ஆனால் பாஷை மாறியவுடன் செத்துப்போகிற ஒன்றை ஞானம் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம்தான்.

இரண்டாவது வகை, தமிழில் வந்தவுடன் தனக்கு ஓர் உறவினர் இங்கே காத்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிற வகை. பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டாம் கார்கில் சொன்ன ஒரு கணக்கு உண்டு. வேலையின் முதல் தொண்ணூறு பங்கு, காலத்தின் தொண்ணூறு பங்கை விழுங்கிவிடுமாம். மீதிப் பத்துப் பங்கு வேலை இன்னொரு தொண்ணூறு பங்குக் காலத்தை விழுங்குமாம். கூட்டினால் 180. ஹாஸ்யம் வார்த்தையில் இல்லை, கூட்டலில் இருக்கிறது. ஆகவே எந்தப் பாஷைக்கும் வரும். 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று சொன்ன நம்மவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிரெடரிக் புரூக்ஸ் என்பவர் ஐ.பி.எம். கம்பெனியில் 360 என்ற யந்திர வரிசைக்கு இயக்க மென்பொருள் செய்யும் பொறுப்பில் இருந்தவர். அந்த வரிசை 1964-இல் அறிவிக்கப்பட்டது. மென்பொருளோ சொன்ன காலத்துக்குள் தயாராகவில்லை. அந்த அனுபவத்தை வைத்து 1975-இல் ஒரு புஸ்தகம் எழுதினார். ஏற்கனவே தாமதமான வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. 'ஆள் கூடினால் பாம்பு சாகாது' என்று நம்மிடமும் உண்டு. ஆனால் புரூக்ஸ் காரணத்தையும் சொல்கிறார். புதிதாக வந்தவனுக்குப் பழையவன் வேலையை விட்டுவிட்டுப் பாடம் சொல்ல வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டிய ஜோடிகளும் பெருகுகின்றன: மூன்று பேர் என்றால் மூன்று ஜோடி, பத்துப் பேர் என்றால் 45 ஜோடி. பாம்பு தப்புவது அடிக்கிறவர்களின் சோம்பலால் மட்டும் அல்ல என்று இங்கே தெரிந்துவிடுகிறது. பழமொழிக்கு ஓர் உரையாசிரியர் கிடைத்த மாதிரி.

நிரலில் உள்ள பிழைக்கு அவர்கள் பூச்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஹார்வர்டில் இருந்த மார்க் 2 என்ற யந்திரத்துக்குள் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டது. அதைக் குறிப்புப் புஸ்தகத்தில் ஒட்டி, பூச்சி என்று நிஜமாகவே ஒன்று அகப்பட்டது இதுதான் முதல் தடவை என்ற பொருளில் வேடிக்கையாக எழுதிவைத்தார்கள். அந்த ஏடு இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. பேர் அன்றுதான் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, எடிசன் காலத்திலேயே அந்தச் சொல் உண்டு. சொல் முன்பே இருந்ததால்தான் அந்தக் குறிப்பு ஹாஸ்யமாகிறது.

தமிழில் கணிப்பொறிக்காரர்கள் இதற்கு 'வழு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. நம் இலக்கணத்தில் வழு, வழாநிலை என்று இரண்டோடு நிற்பதில்லை. வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஆசையாக வளர்த்த பசுவைப் பார்த்து 'அம்மா வந்தாள்' என்றால் திணை வழுதான். ஆனாலும் அன்பினால் சொன்னது என்பதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. தொழில்காரர்களிடையே ஒரு வேடிக்கை வழங்குகிறது: 'இது பிழை இல்லை, இது ஒரு வசதி' என்று வாங்குகிறவரிடம் சாதித்துவிடுவது. அதுவும் ஒருவிதமான வழுவமைதிதான். ஒரு வித்தியாசம்: நம் இலக்கணக்காரன் அமைதிக்குக் காரணம் கேட்கிறான், இவர்கள் கேட்பதில்லை.

மூன்றாவது வகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் பழமொழியோடு நேருக்கு நேர் முட்டுகிற வகை அது. எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர், 1969-இல் ரோமில் நடந்த ஒரு மாநாட்டில் ஒரு கருத்தைச் சொன்னார். நிரலை எவ்வளவு சோதித்தாலும் பிழை இருக்கிறது என்று காட்டலாமே தவிர, பிழையே இல்லை என்று காட்ட முடியாது என்பது அதன் பொருள். இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் உறவினர் யாரும் வருவதில்லை, எதிராளி வருகிறான். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நாம் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த சோதனை முறை. பானைக்கு அது சரிதான். எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வேகிறது. ஒன்று வெந்தால் மற்றதும் வெந்திருக்கும். நிரலின் வரிகள் அப்படி ஒன்றைப்போல் ஒன்று வேகிறவை அல்ல. ஒன்பது வரி வெந்து, பத்தாவது வரி பச்சரிசியாகவே நிற்கலாம். பழைய பழமொழி எங்கே பொய்த்துப்போகிறதோ அங்கேதான் புதிய பழமொழிக்கு இடம் இருக்கிறது.

இது வெறும் ரசனை விஷயம் அல்ல. எங்கள் மானாம்பதிப் பக்கத்தில் ஒரு கவுண்டரில் நான் நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் ஒரு கிழவி விரலை யந்திரத்தில் வைத்தாள். யந்திரம் ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள். புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தாள். ஐம்பது வருஷம் நாற்று நட்டுக் களை பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? "இது என் கை இல்லையாம்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவள் விரல்தான் அந்தப் பத்தாவது வரி.

விதிகளை எழுதிப் பிழை கண்டு திருத்துவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. தாலுகா ஆபீஸ் காரியம் என்று நாங்கள் போகிற உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-இல் ஒன்று, 921-இல் ஒன்று. முதலாவது, வாரியத்துக்கு வருகிறவனின் வயசை 30-க்கும் 60-க்கும் இடையே வைத்தது. இரண்டே வருஷத்தில் அது 35-க்கும் 70-க்கும் இடையே என்று மாறியது. இரண்டாவது கல்வெட்டு இன்னும் விவரமானது: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் சுற்றத்தாரும் ஆகாது, குடத்தை எல்லோர் முன்னிலையிலும் தூக்கிக் காட்ட வேண்டும், ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத ஒரு சிறுவனாக இருக்க வேண்டும். இவ்வளவு கறாராக எழுதியிருப்பதைப் படிக்கும்போது, முதல் விதியை ஓட்டிப் பார்த்து யாரோ சங்கடப்பட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலும் ஒரு குறை உண்டு. அந்தச் சபை பிராமணர்களுடையது; நிலமும் வேதப் படிப்பும் தகுதிகள். நாற்று நட்ட கைகள் அந்தக் கணக்கிலும் சேரவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். சனிக்கிழமை ஊருக்கு வருவான். அவனிடம் கிழவியின் கதையையும் டெய்க்ஸ்ட்ராவின் கருத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நாங்க வெந்த சோறாப் பார்த்துத்தான் மாமா எடுக்கறோம். வேகாத சோத்தைத் தேடி எடுக்கறவன்தான் இதுல சமையல்காரன்" என்றான்.

"இதை உங்க ஆபீஸில் சொல்லேன்" என்றேன்.

"அங்க எல்லாம் இங்கிலீஷ்தானே மாமா" என்று சிரித்தான்.

பெர்லிஸின் 130 வரிகளில் பலவற்றைவிட அந்தப் பையனின் வரியை உயர்ந்ததாக நான் மதிக்கிறேன். சாமர்த்தியத்தில் அது குறைவுதான். ஆனால் சொன்னவனுக்கு அதில் பங்கு இருக்கிறது. புரூக்ஸின் வரிக்குப் பின்னால் தாமதமான ஒரு பெரிய வேலை இருப்பதுபோல, இதற்குப் பின்னால் ஒரு கிழவியின் தேய்ந்த விரல் இருக்கிறது. இப்படி ஒரு விலை கொடுக்காமல் நல்ல பழமொழி பிறப்பதில்லை. அடுத்தவன் விலை கொடுத்து வாங்கிய வரியைக் கோப்பையில் அச்சிட்டு வைத்துக்கொள்வதால் நமக்குக் கிடைப்பது கோப்பைதான்.

லட்சக்கணக்கான தமிழ்ப் பையன்களும் பெண்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். தினமும் தப்பு செய்கிறார்கள், திருத்துகிறார்கள், ராத்திரி கண் விழிக்கிறார்கள். அனுபவத்துக்குக் குறைவில்லை. அந்த அனுபவத்தை அவர்கள் தங்கள் பாஷையில் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் குறை. இங்கிலீஷில் உள்ளவற்றை யாராவது நல்ல தமிழில் தொகுத்துப் போட்டால் நான் சந்தோஷமாக வாங்கிப் படிப்பேன். அதைவிடவும் அவசியமான காரியம், திண்ணையில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிற வரியை ஆபீஸ் மேஜை முன்னால் நின்றும் அவர்கள் சொல்லிப் பார்ப்பது.