பேயால் யாருக்கு ஆதாயம்? - ஸ்கூபி-டூவின் முதல் 25 கதைகள்

ஸ்கூபி-டூ என்றதும் பலருக்கு நினைவில் எழுவது ஒரு பயந்தாங்கொள்ளி நாய், பூப்போட்ட வேன், கடைசிக் காட்சியில் கழற்றப்படும் முகமூடி. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயரில் தொடர்களும் படங்களும் வந்தபடியே இருப்பதால், மூலத்தில் இருந்தது எது, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது எது என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது. ‘ஸ்கூபி-டூ, வேர் ஆர் யூ!’ என்னும் மூலத் தொடரின் முதல் இரண்டு பருவங்களை வார்னர் நிறுவனம் 2004இல் நான்கு டிவிடிகளாக வெளியிட்டது. முதல் பருவத்தில் 17 கதைகள், இரண்டாவதில் 8. இந்த 25 கதைகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, வாரம் ஒன்றாகப் பார்த்தால் புலப்படாத ஒன்று புலப்படுகிறது. இந்தத் தொடருக்கு உறுதியான ஒரு கொள்கை இருக்கிறது. பேய் என்று எதுவும் இல்லை. பேய் இருப்பதாக மற்றவர்கள் நம்ப வேண்டும் என்று விரும்பும் ஒரு மனிதன் இருக்கிறான். அந்த நம்பிக்கையால் அவனுக்கு ஆதாயம் உண்டு. குழந்தைகளுக்கான துப்பறியும் கார்ட்டூன் என்னும் வகைமையில் இதைவிட மேலான கொள்கை வேறொன்று தோன்றவில்லை என்பது என் துணிபு.

நெருக்கடியில் பிறந்த கொள்கை

1968 அமெரிக்காவுக்கு ரத்தம் தோய்ந்த ஆண்டு. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலிலும் ராபர்ட் கென்னடி ஜூனிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொலைக்காட்சி வன்முறையைப் பற்றிய கவலை நாடெங்கும் பெருகியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெக்கி சாரன் உள்ளிட்ட தாய்மார்கள் ‘ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்’ என்ற அமைப்பை அந்த ஆண்டில்தான் தொடங்கினார்கள். சனிக்கிழமைக் காலைகளை நிறைத்திருந்த அடிதடி சாகசக் கார்ட்டூன்களுக்கு எதிர்ப்பு வலுத்தது. அந்த இடத்தை வேறொன்றால் நிரப்ப வேண்டிய பொறுப்பு, சிபிஎஸ் நிறுவனத்தில் நிகழ்ச்சிகளைத் தீர்மானித்த ஃப்ரெட் சில்வர்மனுக்கு வந்தது.

பதின்வயதினர் இசைக்குழு நடத்தும் ‘ஆர்ச்சி ஷோ’ அப்போது வெற்றி பெற்றிருந்தது. அதே வயதினர், கொஞ்சம் திகில், கொஞ்சம் சிரிப்பு என்று ஒரு கலவையைச் சில்வர்மன் கேட்டார். ஹன்னா-பார்பெரா நிறுவனத்துக்காக ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் அதை எழுதினார்கள். ஃப்ரெட், டாஃப்னி, வெல்மா, ஷாகி என்னும் நான்கு இளைஞர்களின் குணங்களுக்கு ‘டோபி கில்லிஸ்’ என்ற பழைய நகைச்சுவைத் தொடரின் பாத்திரங்கள் முன்மாதிரி. தொடக்கத்தில் நாய்க்கு இவ்வளவு முக்கியத்துவம் இல்லை. ஓவியங்களைப் பார்த்த சிபிஎஸ் தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன், குழந்தைகளுக்கு இது அதீத பயமூட்டும் என்று மறுத்துவிட்டார். அதன் பிறகுதான் நாய் கதையின் நடுவுக்கு வந்தது. ஃபிராங்க் சினாட்ராவின் ஒரு பாட்டில் வரும் பொருளற்ற ஒலிகளிலிருந்து அதற்குப் பெயரும் கிடைத்தது. 1969 செப்டம்பர் 13, சனிக்கிழமை காலை முதல் கதை ஒளிபரப்பானது.

இந்தப் பின்னணி வெறும் தகவல் அல்ல. திகில் வேண்டும், ஆனால் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. பேய் வேண்டும், ஆனால் குழந்தை இரவில் தூக்கம் கெட்டு அலறக் கூடாது. இந்த இரண்டு கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்ற ஒரே வழி, பேயைக் கடைசியில் மனிதனாக்கிவிடுவது. தணிக்கையின் நெருக்கடிக்குப் பணிந்து எடுத்த முடிவு அப்படியே பகுத்தறிவின் பாடமாகவும் அமைந்தது.

சிக்கனத்தின் அழகு

‘டாம் அண்ட் ஜெர்ரி’யை உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1957இல் சொந்த நிறுவனம் தொடங்கியபோது, தொலைக்காட்சியின் குறைந்த பணத்துக்கு ஏற்ற ஓர் உத்தியைக் கைக்கொண்டார்கள். உடல் அசையாது, வாய் மட்டும் அசையும். ஓட்டத்தின் ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப வரும். பின்னணிச் சுவர் நகர்ந்துகொண்டிருக்கும். ஸ்கூபி-டூவிலும் இந்தச் சிக்கனம் கண்ணில் படாமல் இருக்காது. ஒரே கதவையும் ஒரே விளக்கையும் கடந்து ஷாகி பலமுறை ஓடுகிறான். பார்வையாளர் இல்லாத இடத்திலிருந்து பதிவுசெய்யப்பட்ட சிரிப்பொலி எழுகிறது.

ஆனால் உருவங்கள் அசையாதபோது கண் பின்னணிக்குப் போகிறது. அங்கேதான் இந்தத் தொடரின் கலை இருக்கிறது. டிஸ்னியின் ‘101 டால்மேஷியன்ஸ்’ படத்துக்கு வண்ணம் வகுத்த வால்ட் பெரிகாய், அப்போது ஹன்னா-பார்பெராவில் பின்னணி ஓவியங்களை நடத்தினார். கருநீலமும் பாசிப்பச்சையும் மங்கிய ஊதாவும் கலந்த இரவுகள், கோணலாகச் சாய்ந்த மாளிகைகள், இலையுதிர்ந்த மரங்கள், சிலந்தி வலை படிந்த கூடங்கள். பழைய சிறு பெட்டிகளில் கலங்கித் தெரிந்த இந்த ஓவியங்களின் தூரிகைத் தடத்தை இன்று வட்டுகளில் காண முடிகிறது. பயத்தின் பெரும்பகுதியை ஏற்படுத்துவது முகமூடி அணிந்த உருவம் அல்ல, அது நிற்கும் இடம்.

பாத்திரங்களை வரைந்தவர் இவாவோ தகாமோட்டோ. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு அவரது குடும்பத்தை மான்சனார் தடுப்பு முகாமில் அடைத்தது. அங்கே உடனிருந்தவர்களிடம்தான் அவர் ஓவியத்தின் அடிப்படைகளைக் கற்றார். பின்னர் டிஸ்னியிலும், 1961 முதல் ஹன்னா-பார்பெராவிலும் பணியாற்றினார். ஸ்கூபியை வரையும் முன், கிரேட் டேன் நாய்களை வளர்த்த சக ஊழியர் ஒருவரிடம் உயர்ந்த சாதி நாயின் இலக்கணங்களைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் தலைகீழாக்கினார். நேரான முதுகு கூனானது. நேரான கால்கள் வளைந்தன. திடமான தாடை சுருங்கியது. வீரத்துக்கென்று வளர்க்கப்படும் இனத்தைச் சேர்ந்த நாய், தன் உடலாலேயே கோழையாகத் தெரிகிறது. அந்த உடலுக்கு டான் மெசிக்கும், ஷாகிக்குக் கேசி கேசமும் கொடுத்த நடுங்கும் குரல்கள் குறைந்த அசைவை முழுமையாக ஈடுகட்டின. ஃப்ரெடுக்கு 1969இல் குரல் கொடுத்த ஃபிராங்க் வெல்கர், 2002 முதல் ஸ்கூபிக்கும் குரல் கொடுக்கிறார்.

முகமூடிக்குப் பின்னால் இருப்பவர்கள்

கதைகளின் அமைப்பு ஒன்றுதான். வேன் ஓர் ஊரில் நிற்கும், பேய் தோன்றும், ஐவரும் பிரிந்து தேடுவார்கள், ஷாகியும் ஸ்கூபியும் தின்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று போய்ப் பேயிடம் மாட்டுவார்கள், வெல்மா தடயங்களைக் கோப்பாள், பொறி பிசகிப் பேய் பிடிபடும். ஆனால் பிடிபடுகிறவர்கள் யார் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் தொடரின் உண்மையான பார்வை தெரியும்.

முதல் கதையின் கறுப்பு வீரன், அருங்காட்சியகத்தின் காப்பாளரே. அசல் ஓவியங்களைக் கடத்திவிட்டுப் போலிகளை மாட்டுகிறார். ஒளிரும் பாசி படிந்த உடையில் கடலிலிருந்து எழும் கேப்டன் கட்லர், தான் செத்ததாக ஊரை நம்பவைத்துவிட்டுப் படகுகளைத் திருடுகிறார். தங்கச் சுரங்கத்தின் கிழட்டுப் பேய், சுரங்கத்தின் அடியில் எண்ணெய் இருப்பதைக் கண்டுபிடித்து, உரிமையாளரைப் பயமுறுத்தி விற்கவைக்கப் பார்க்கும் பணியாள். கைவிடப்பட்ட விமானத் தளத்தில் சிரிக்கும் விண்வெளிப் பூதத்தின் பின்னாலும் நிலத்தை மலிவாக வாங்கும் திட்டம். கடற்கொள்ளையன் செந்தாடியாக வருபவர் கப்பல் நிறுவன முதலாளி. தன் கப்பல்களைத் தானே கொள்ளையிடுகிறார். ஊர்ந்து வரும் ‘கிரீப்பர்’, தன் வங்கியைத் தானே சூறையாடும் வங்கித் தலைவர். கர்னல் போரிகார்டின் மாளிகையில் வாரிசுகளை ஒவ்வொருவராக மறையச் செய்யும் பச்சைப் பேய்கள், உயிலை நிறைவேற்ற வேண்டிய வழக்கறிஞர்கள். இவ்வளவு பாடுபட்டு அவர்கள் தேடிய செல்வமோ, உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குக் கூட்டமைப்பின் செல்லாத நோட்டுகள்.

காப்பாளர், முதலாளி, வங்கித் தலைவர், வழக்கறிஞர். ஊர் நம்பி ஒரு பொருளைக் கையில் கொடுத்த மனிதர்களே அதிகம். அவர்கள் பேயாக வேடமிடுவது நிலம், கனிமம், நகை, பணம், பழி ஆகியவற்றுக்காக. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் பழமொழி பயப்படுகிறவனின் மனத்தைச் சொல்கிறது. இந்தத் தொடர் இருட்டை ஏற்பாடு செய்கிறவன் ஒருவன் இருப்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

பழைய மரபு

இது கார்ட்டூனில் பிறந்த உத்தி அல்ல. ஆங்கிலத்தில் ஆன் ராட்கிளிஃப் 1794இல் வெளியிட்ட ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ நாவலில் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தது மெழுகு உருவம். கானன் டாயிலின் ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ கதையில் நரகத்து நாய், பாஸ்பரஸ் பூசப்பட்ட சாதாரண நாய். அதை ஏவியவனுக்குத் தேவை பரம்பரைச் சொத்து. ஒளிரும் பூச்சும் சொத்து ஆசையும் சேரும் அந்தக் கணக்கு, ஸ்கூபி-டூவில் அப்படியே தொடர்கிறது. கார்ல் சேகன் 1990களின் நடுவில் போலி அறிவியலைக் கண்டித்து எழுதிய ‘பேய் பிடித்த உலகம்’ நூலில் இந்தக் கார்ட்டூனைப் பாராட்டிக் குறிப்பிட்டார். ஒவ்வொரு அமானுஷ்யமும் விசாரிக்கப்பட்டு இயல்பான விளக்கம் பெறும் நிகழ்ச்சி அவருக்கு முக்கியமாகப் பட்டதில் வியப்பில்லை.

நகல்களும் விலகல்களும்

வெற்றியைத் தொடர்ந்து ஹன்னா-பார்பெராவே நகல்களைக் குவித்தது. ‘ஜோசி அண்ட் தி புஸ்ஸிகேட்ஸ்’ (1970), ‘ஃபங்கி ஃபேன்டம்’ (1971), ‘ஸ்பீட் பக்கி’ (1973), ‘ஜாபர்ஜா’ (1976). நாய்க்குப் பதில் கார் வந்தது, சுறா வந்தது; அமைப்பு மாறவில்லை. ஃபங்கி ஃபேன்டமில் துப்பறிவோரின் கூட்டாளியே ஓர் உண்மையான ஆவி. அங்கேயே கொள்கை கைநழுவிவிட்டது. ஸ்கூபி-டூ பெயரிலும் அது நடந்தது. 1985இல் வந்த தொடரில் பதின்மூன்று பேய்கள் உண்மையாகவே பெட்டியிலிருந்து வெளியேறின. நேரடியாக வீடியோவுக்கென்று 1998இல் எடுக்கப்பட்ட ‘ஜாம்பி தீவு’ படத்தில் பிணங்கள் உண்மையாக நடந்தன. அந்தப் படம் ஓவியத்திலும் இசையிலும் தேர்ந்தது; பலருக்குப் பிடித்தது. எனினும் முகமூடியைக் கழற்ற இழுத்த கையில் தலையே வரும் உலகில் வெல்மாவின் மூளைக்கு வேலை குறைந்துவிடுகிறது. பேய் உண்மையென்றால், தப்பி ஓடுவதைத் தவிரச் செய்வதற்கு ஏதுமில்லை.

குறைகள்

மூலத் தொடரைப் போற்றுவதற்காக அதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. டாஃப்னிக்குக் கொடுக்கப்பட்ட வேலை பெரும்பாலும் கடத்தப்படுவதும் தடுக்கி விழுவதும்தான். சீனத்து முகமூடி, ஹவாய்த் தீவின் பேய், அமெரிக்கப் பழங்குடி ஆவி என்று வரும் கதைகள் மற்ற மக்களின் பண்பாட்டை அச்சத்தின் அலங்காரமாக மட்டுமே பயன்படுத்துகின்றன. இரண்டாம் பருவத்தில் துரத்தல் காட்சிகளில் பாட்டுகள் நுழைந்ததும் தடயங்களுக்குக் கிடைத்த நேரம் சுருங்கியது. இவற்றைக் குழந்தைகளோடு பேசிக்கொண்டே பார்க்கலாம், பேச வேண்டும்.

வட்டுகளின் முக்கியத்துவம்

2004 வெளியீட்டுக்குப் பின், 1978இல் எடுக்கப்பட்டு மூன்றாம் பருவமாகக் கருதப்படும் 16 கதைகளும் வட்டில் வந்தன. 2019இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டில், 41 கதைகளும் ப்ளூ-ரேயில் கிடைத்தன. ஆனால் எல்லாமே இப்படி முழுமையாகக் கிடைப்பதில்லை. பேட்மேன், லாரல்-ஹார்டி போன்ற விருந்தினர்களோடு 1972-73இல் வந்த ‘நியூ ஸ்கூபி-டூ மூவிஸ்’ தொடரில் 24 கதைகள் உண்டு. விருந்தினர் உருவங்களின் உரிமைச் சிக்கலால் 2005இல் 15 கதைகளே வட்டில் வந்தன. 2019 பதிப்பிலும் 23தான். ஆடம்ஸ் குடும்பம் வரும் கதை அதில் இல்லை. பதிப்பின் பெயரிலேயே ‘ஏறக்குறைய முழுமையான’ என்று அச்சிட நேர்ந்தது. ஒளிபரப்பும் இணையச் சேவையும் எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அலமாரியில் இருக்கும் வட்டு அப்படிப் போகாது. ஒரு வகைமையை ஆராய விரும்புகிறவருக்கு அது ஒன்றே நம்பகமான மூலம்.

ரூபி, ஸ்பியர்ஸ் இருவரும் 2020இல் சில மாத இடைவெளியில் காலமானார்கள். அவர்கள் எழுதத் தொடங்கிய தொடர் எத்தனையோ வடிவங்களில் நீள்கிறது. அவற்றுள் எதைக் குழந்தைக்கு முதலில் காட்டுவது என்று கேட்டால், தயக்கமின்றி 1969-70இன் இந்த 25 கதைகளையே சொல்வேன். முகமூடி கழலும் காட்சிக்கு முன் படத்தை நிறுத்துங்கள். இந்தப் பேயால் யாருக்கு ஆதாயம் என்று குழந்தையிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய குழந்தையை வளர்ந்த பிறகு பேய் காட்டிப் பயமுறுத்துவது எளிதல்ல.