கட்டம் கலைந்தால் கணக்கு யாருக்கு?

நம் பழைய சிறுபத்திரிகைகள், மாநாட்டு மலர்கள், உண்மை அறியும் குழு அறிக்கைகள் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றும் வேலை இப்போது பல இடங்களில் நடக்கிறது. செய்கிறவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். கூலி கிடையாது, பேரும் கிடையாது. அந்த உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் விமர்சிக்கவும் வேண்டியிருக்கிறது.

என் விமர்சனம் ஒன்றே ஒன்றைப் பற்றியது. வார்த்தைகளை ஏற்றுகிறார்கள். வார்த்தைகள் பக்கத்தில் நின்ற இடத்தை விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "எழுத்துதானே முக்கியம், கட்டம் கோடெல்லாம் என்னத்துக்கு?" என்கிறார்கள். இடம்னா என்னன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. யார் எங்கே நிற்கணும், எங்கே உட்காரக் கூடாது என்று வைத்தே இந்தச் சமூகம் நம்மை ஆண்டிருக்கிறது. அட்டவணையிலும் ஓர் எண்ணுக்கு அர்த்தம் அது நிற்கிற இடத்திலிருந்துதான் வருகிறது.

ஓர் உதாரணம். 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் கையெழுத்தான புனா ஒப்பந்தத்தின் முதல் பிரிவே ஒரு பட்டியல்தான். மாகாணச் சட்டமன்றங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடங்கள்: சென்னை 30, சிந்து உள்ளிட்ட பம்பாய் 15, பஞ்சாப் 8, பீகார் - ஒரிசா 18, மத்திய மாகாணம் 20, அசாம் 7, வங்கம் 30, ஐக்கிய மாகாணம் 20. ஆக 148. இதை ஒரு மலரில் இரண்டு நெடுவரிசையாக அச்சடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். இடப்பக்கம் மாகாணம், வலப்பக்கம் எண். இடம் போதாமல் 'பம்பாய்' ஒரு வரியிலும் 'சிந்து உள்பட' அடுத்த வரியிலும் விழுந்துவிட்டது. கண்ணால் பார்க்கிறவனுக்குக் குழப்பமில்லை. எந்திரம் பெயர்களைத் தனியாக அள்ளும், எண்களைத் தனியாக அள்ளும், பிறகு ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்க்கும். 'சிந்து உள்பட' ஒரு தனி மாகாணமாகி பஞ்சாபின் 8ஐ எடுத்துக்கொள்ளும். பஞ்சாபுக்கு 18. பீகார் - ஒரிசாவுக்கு 20. மத்திய மாகாணத்துக்கு 7. அசாமுக்கு 30. வங்கத்துக்கு 20. கடைசியில் ஐக்கிய மாகாணத்துக்கு 148!

ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. எண் ஒன்றும் தொலையவில்லை. ஆனால் வரலாறு தப்பாகிவிட்டது. மெய்ப்புப் பார்க்கிறவர் எழுத்துப்பிழை மட்டும் தேடினால் இது மாட்டாது. நாளைக்கு ஒரு மாணவர் ஆய்வேட்டில் இதை எடுத்தாளுவார். "உங்க ஆளுங்களுக்குக் கணக்கே வராது" என்று சொல்ல ஆதிக்கச் சாதி அறிவாளிகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஏன் நடக்கிறது? நான் டிடிபி கடையில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியவன். நாங்கள் அட்டவணை போட்டதெல்லாம் பெரும்பாலும் 'டேப்' பட்டனைத் தட்டித்தான். கோடு தனி, எழுத்து தனி. டிரேசிங் தாளில் எடுக்கும்போது நேராக நின்றால் போதும், பிளேட்டுக்குப் போய்விடும். அது அட்டவணை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பார்க்கிற கண்ணுக்கு மட்டும் தெரியும். அதிலிருந்து உண்டாக்கும் பி.டி.எஃப்.பும் அப்படித்தான்: இந்த எழுத்து இந்த இடத்தில் என்று மட்டும் அது வைத்திருக்கும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற உறவு அதில் இருக்காது. அந்த உறவை மனுஷர்தான் திரும்ப எழுதணும்.

பத்தி பிரித்த பக்கங்களில் வேறு வகை ஆபத்து. 1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் பெயர்களை ஒரு வெளியீடு இரண்டு பத்தியாக அச்சிட்டிருந்தால், இடது பத்தியில் 1 முதல் 22, வலது பத்தியில் 23 முதல் 44 என்று வரும். எந்திரம் குறுக்கே படித்தால் 1, 23, 2, 24 என்று கலைந்துவிடும். அடுத்தடுத்து எழுதியிருந்த ஒரே வீட்டுப் பெயர்கள் பிரியும். வயது தனியாகக் கழன்றால், குழந்தையின் வயது கிழவியின் பெயரோடு போய் ஒட்டும். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி ஒதுக்க என்னால் முடியாது.

வாக்குமூலங்களுக்கு இன்னொரு கஷ்டம். தமிழில் வரி முடிவில் சொல்லை ஒடிக்கும்போது பெரும்பாலும் இணைப்புக்கோடு போடுவதில்லை. குறுகிய பத்தியில் முக்கால்வாசி வரி ஒடிந்துதான் நிற்கும். வலைப்பக்கத்துக்கு மாற்றும்போது அதைக் கூட்டிச் சேர்க்கணும். அகராதியில் உள்ள சொல்லை எந்திரம் சேர்த்துவிடும். நம் பாட்டி பேசிய சொல் அகராதியில் இருந்தால்தானே? அது இரண்டு துண்டாகவே கிடக்கும், அல்லது 'திருத்தி' வேறொரு சொல்லாக்கிவிடும். சேரி மொழியை இலக்கியமாக்க நடந்த சண்டை இங்கே சத்தமில்லாமல் தோற்றுப்போகிறது.

இதற்குப் பயந்து சிலர் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். ஆவணம் என்ற அளவில் படம் வேண்டும். ஆனால் படத்துக்குள் தேட முடியாது. கண் தெரியாத மாணவருக்கு அதைப் படித்துக் காட்டவும் முடியாது. வேறு சிலர் அச்சில் இருந்த மாதிரியே திரையிலும் இரண்டு பத்தி வரணும் என்று முழுப் பக்கத்தையும் ஓர் அட்டவணைக்குள் திணிக்கிறார்கள். கைபேசியில் அது இழுக்க இழுக்க வராது. தோற்றத்துக்காக அட்டவணையைப் பயன்படுத்த வேண்டாம், பயன்படுத்தினாலும் வரிசையாகப் படிக்கும்போது பொருள் தரணும் என்று இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 1999இலேயே வழிகாட்டியிருக்கிறது.

என் கருத்து இது. பத்தி என்பது பெரும்பாலும் தாளின் தேவை. அகலமான பக்கத்தில் கண் வரி மாறாமல் இருக்கப் பிரித்தார்கள். தாள் போனபின் அதை விட்டுவிடலாம். படிக்கிற ஒழுங்கு மட்டும் கெடக்கூடாது. பெட்டிச் செய்தியைக் கட்டுரையின் வாக்கியத்துக்கு நடுவே விழவிடாமல் தனியே எடுத்து வைக்கணும். அட்டவணையின் வரிசையும் நெடுவரிசையும் அப்படியல்ல, அவை பொருளின் தேவை. அவற்றை விடக்கூடாது. எது எந்த ரகம் என்று தீர்மானிக்கப் பிரதியைப் படித்தாக வேண்டும். இடப்பக்கம் போலீஸ் அறிக்கை, வலப்பக்கம் ஊர் சனங்களின் வாக்குமூலம் என்று எதிரெதிரே அச்சிட்டிருந்தால், அந்த எதிரெதிர் நிலைதான் அங்கே வாதம். அதைப் பிரித்துக் கீழே மேலே போட்டால் அறிக்கை செத்துப்போகும். அங்கே ஒவ்வொரு கூற்றுக்கும் நேராக அதன் மறுப்பை வைத்து, உண்மையான அட்டவணையாகவே கட்ட வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0இலேயே, இந்தக் கட்டம் தலைப்பு, இது இந்த வரிசைக்குத் தலைப்பு, அது அந்த நெடுவரிசைக்கு என்று குறிக்க இடமிருக்கிறது. அப்படிக் குறித்தால், திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் "பஞ்சாப், 8" என்று சேர்த்துச் சொல்லும். வெறுங்கட்டத்தை வெறுங்கட்டமாகவே விடுங்கள். காலியாக இருப்பது வேறு, கோடு போட்டிருப்பது வேறு, 0 என்று எழுதியிருப்பது வேறு. 'நிவாரணம்' என்ற தலைப்பின் கீழ் காலியாக இருந்தால் கேட்கவேயில்லை என்றிருக்கலாம். 0 என்றால் கொடுக்கவில்லை. மூன்றையும் ஒன்றாக்கினால் அரசாங்கம் தப்பித்துக்கொள்ளும். 'மேற்படி' என்று அச்சில் இருந்தால், வரிசை இடம் மாறினாலும் அர்த்தம் நிற்கிற மாதிரி, எதைக் குறிக்கிறது என்பதை முழுதாக எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. ஈய எழுத்துக் காலத்தில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தை மீட்டெடுங்கள். அட்டவணையைக் குறுக்கே ஒருதரம், கீழ்நோக்கி ஒருதரம் படியுங்கள். கூட்டுத்தொகை சரியாயிருக்கே என்று விட்டுவிடாதீர்கள். அசாமும் வங்கமும் எண்ணை மாற்றிக்கொண்டாலும் 148 அசையாது. மொத்தத்தைக் காட்டி ஏமாத்துற வித்தையை எத்தனை பட்ஜெட்டில் பார்த்திருக்கிறோம். யாருக்கு எவ்வளவு என்று கேட்கிற சனம் நாம். அந்தக் கேள்வியை நம் பக்கங்களிலும் கேட்போம்.